டிபிஏ என்று போடுகிறவர்கள் பொறுப்பையும் எழுதுங்கள்

அந்த வேலை விளம்பரத்தை நேற்றிலிருந்து ஆளாளுக்குப் பகிர்கிறீர்கள். நானும் பார்த்தேன். தலைப்பில் டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர், அதாவது தரவுத்தளத்தை நிர்வகிக்கிற டிபிஏ. கீழே பவர் பிஐ ரிப்போர்ட், கிளை அலுவலகங்களின் நெட்வேர்க், பிரிண்டர். பெக்கப் (தரவைப் பிரதி எடுப்பது), ரீஸ்டோர் (அதிலிருந்து மீட்பது) என்ற சொல்லே இல்லை. அதைவிட வலித்தது அதற்குக் கீழே ஒருவர் எழுதியது: "டிபிஏ என்றால் பெக்கப் எடுக்கிற ஆள்தானே, இதையும் செய்தால் என்ன குறைந்துவிடும்?"

குறைந்துவிடும் அண்ணா. பெக்கப் எடுப்பதை மென்பொருளே செய்யும். அதிலிருந்து தரவை மீட்க முடியுமா என்று முன்கூட்டியே மீட்டுப் பார்த்து வைப்பவர்தான் டிபிஏ. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் எழுதுபவர்கள் தங்கள் கோடைச் சேமித்து வைக்கிற கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியியலாளர் தவறான சேர்வரில் தரவை அழித்துவிட்டார். பெக்கப்புக்கு வைத்திருந்த வழிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டன. ஓர் ஊழியர் ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு தேவைக்காக எடுத்த பிரதிதான் கடைசியில் உதவியது. இங்கே இலங்கையில் 2023இல் அரசின் மின்னஞ்சல்கள், தரவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கிற ரான்சம்வேரில் அகப்பட்டபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையானவை திரும்பி வரவேயில்லை. இப்படி நடந்தால் எல்லாரும் முதலில் கேட்பது யார் பொறுப்பு என்றுதான். ஆளை எடுக்கும்போதே அதை எழுதி வையுங்கள் என்கிறேன், வேறொன்றுமில்லை.

என் முதல் கொம்பனியில் எனக்குத் தந்த பதவி 'எக்செக்கியூட்டிவ் ஐடி'. செய்தது முழுக்க ஒரக்கிள் என்ற தரவுத்தள மென்பொருளில் வேலை. மாதக் கடைசியில் நடுச்சாமத்தில் ஆர்கைவ் லொக் (தரவு மாற்றங்களின் பதிவு) போகிற டிஸ்க் நிரம்பி ஓஆர்ஏ-00257 என்ற பிழை வந்தால் கணக்குப் பிரிவே நிற்கும். வெள்ளவத்தை அறையில் நித்திரையில் கிடக்கிற எனக்குத்தான் போன் வரும். போயா விடுமுறை நாளில் போய் மென்பொருளுக்குப் பட்ச் (திருத்தம்) போட்டதும் நான்தான். விலகிய பிறகு அவுஸ்திரேலியாவுக்கு விண்ணப்பிக்கச் சேவைக் கடிதம் கேட்டுப் போனேன். அவர்களின் தொழில் பட்டியலில் 262111 என்ற இலக்கத்தில் டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் தனித் தொழில். என்ன வேலை செய்தோம் என்று கடிதம் சொன்னால்தான் அனுபவம் கணக்கில் வரும். எச்ஆர் அக்கா ஃபைலைப் புரட்டிவிட்டு, "மல்லி (தம்பி), இதில் இருப்பதைத்தானே எழுதலாம்" என்றார். பதவி, சேர்ந்த திகதி, விலகிய திகதி, நன்னடத்தை. ஒரக்கிள் என்ற சொல்லே இல்லாத கடிதம். அவரில் எனக்குக் கோபமில்லை. ஃபைலில் எழுதாமல் விட்டவர்களில்தான் கோபம், இன்னும் ஆறவில்லை.

சின்னக் கொம்பனியில் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி ஆள் வைக்க ஏலாது என்பீர்கள். சரி, நியாயம். அப்படியென்றால் 'ஐடி ஒஃபிஸர்' என்று போடுங்கள், டேட்டாபேஸ் வேலை அதில் எவ்வளவு என்றும் எழுதுங்கள். எல்லைகள் கலங்கல்தான், தெரியும். ஐஎல்ஓ என்கிற சர்வதேச தொழிலாளர் அமைப்பின் தொழில் பட்டியலே தரவுத்தளத்தை வடிவமைப்பவரையும் நிர்வகிப்பவரையும் 2521 என்று ஒன்றாகத்தான் வைத்திருக்கிறது. அதற்காகப் பிரிண்டரும் அதற்குள் வந்துவிடுமா?

'எல்லாம் கிளவுட்டில் இருக்கிறது, டிபிஏ எதற்கு' என்கிறவர்களுக்குச் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன். அமேசானின் கிளவுட் தரவுத்தளச் சேவையான ஆர்டிஎஸ் தானாக எடுக்கும் பெக்கப்பைக் கூடினால் 35 நாள்தான் வைத்திருக்கும். போன வருடத்துத் தரவை ஓடிட்டர் கேட்டால் அமேசானா வந்து பதில் சொல்லும்? வாடிக்கையாளரின் அடையாள அட்டை இலக்கத்தை யார் யார் பார்க்கலாம் என்று அமேசானா முடிவெடுக்கும்?

இன்கிரிமென்ட் நேரத்தில் டெவலப்பர்களுக்குக் காட்ட ஒரு புது ஸ்கிரீன் இருக்கும். அவர்கள் உழைப்பைக் குறை சொல்லவில்லை. நாங்கள் எதைக் காட்டுவது? வருடம் முழுக்க சிஸ்டம் விழாமல் பார்த்துக்கொண்டதைப் பதவி விவரத்தில் ஒருவரும் எழுதவில்லை, அதனால் மதிப்பீட்டுப் படிவத்திலும் அதற்கு இடமில்லை. இதற்குப் பிறகும் 'பெக்கப் எடுக்கிற ஆள்தானே' என்றால் மனம் எப்படி இருக்கும்?

அந்த இடத்துக்கு விண்ணப்பிக்க இருக்கும் தம்பி தங்கைகள் நேர்முகத்திலேயே கேளுங்கள்: ரீஸ்டோர் யார் பொறுப்பு, அதைச் சோதித்துப் பார்க்கத் தனி சேர்வர் தருவீர்களா, இரவில் யாருக்குப் போன் வரும். பதிலை நியமனக் கடிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். எப்படிக் கேட்பது என்று தெரியாவிட்டால் இன்பொக்ஸுக்கு வாருங்கள், என்னிடம் ஒரு மாதிரிப் பொறுப்புப் பட்டியல் இருக்கிறது, அனுப்புகிறேன்.