இழுவை வண்டி வர்ற வரைக்கும் நின்னது சரிதான்

விமானம் தரையிறங்கின பிறகு முன்சக்கர ஸ்டியரிங் வேலை செய்யலைன்னா பிரேக்கை வச்சே ஓரமா ஓட்டி வந்திருக்கலாமே, பயணிகளை எதுக்கு ஓடுபாதையில காக்க வச்சாங்கன்னு கட்டுரையில கேட்டிருக்கீங்க. நான் குளச்சல்காரன். வளைகுடாவுல ஒரு விமான நிலையத்துல 11 வருஷம் இழுவை வண்டி ஓட்டினவன்.

வேகமா ஓடும்போது வால் சுக்கானே காத்தைப் பிடிச்சு விமானத்தை நேரா வச்சிருக்கும். வேகம் குறையக் குறைய அந்தப் பிடி போயிரும். அப்போ ஒரு பக்க பிரேக்கை மட்டும் மிதிச்சுத் திருப்பலாம். நம்ம ஊர்ல தொழி உழுற டிராக்டர்காரர் செய்யுற அதே வித்தை. ஆனா ஏர்பஸ் ஏ320 மாதிரி விமானம் இறங்கும்போது 60 டன் பக்கம் இருக்கும், பிரேக்கும் அப்போதான் கொதிச்சுக் கிடக்கும். வளைவுல ஒரு சக்கரம் மண்ணுல இறங்கிச்சுன்னா முடிஞ்சுது கதை.

நாங்க போனாலும் உடனே இழுக்க முடியாது. மெக்கானிக் குனிஞ்சு, சிவப்பு நாடா தொங்குற பின்னை முன்சக்கரத் தண்டுல சொருகி ஸ்டியரிங்குக்குப் போற எண்ணெய் அழுத்தத்தை விலக்கணும். இல்லைன்னா வண்டியையும் விமானத்தையும் இணைக்கிற இழுவைக் கம்பி சட்டுனு வெட்டித் திரும்பி ஆள் காலை உடைச்சிரும்.

2005 செப்டம்பர் 21ல லாஸ் ஏஞ்சலிஸ்ல ஜெட்புளூ நிறுவனத்தோட ஏ320 ஒண்ணு, முன்சக்கரம் 90 டிகிரி திரும்பின நிலையிலேயே இறங்கிச்சு. டயர் கிழிஞ்சு, ரிம் தேய்ஞ்சு தீ பறந்துது. யாருக்கும் காயமில்லை. அந்த விமானியும் நின்ன இடத்துலயே நிறுத்திட்டார்.

திருவனந்தபுரம் மாதிரி ஒரே ஓடுபாதை உள்ள இடத்துல பின்னால வர்ற விமானமெல்லாம் வானத்துல சுத்தணும், அது வாஸ்தவம். ஆனா அங்க இறங்கி எல்லையில இருக்கிற களியக்காவிளை தாண்டுறதுக்குள்ள நாம டிராபிக்ல உட்கார்ற நேரத்துக்கு யாரும் கட்டுரை எழுதக் காணோம்.