கட்சியில் சேரத் தடை யாருக்கு?

அண்ணா, கத்தோலிக்கர் எந்த அரசியல் கட்சியிலும் உறுப்பினராக இருக்கக் கூடாது, திருச்சபைச் சட்டத்திலேயே தடை இருக்கிறது என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். மட்டக்களப்புக் குழுக்களிலும் இதே செய்தி சுற்றுகிறது. அப்படி ஒரு தடை இருப்பது உண்மைதான், ஆனால் அது பொதுநிலையினருக்கு, அதாவது குருவோ துறவியோ அல்லாத சாதாரண விசுவாசிகளுக்கு, உரியதல்ல.

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 287ஆம் சட்டத்தில், இரண்டாம் பகுதி குருக்களைப் பற்றியது. கட்சிகளில் அவர்கள் தீவிரமாகப் பங்கெடுக்கக் கூடாது என்கிறது. அதிலும் விலக்கு உண்டு: திருச்சபையின் உரிமையைக் காக்கவோ பொதுநலனுக்கோ தேவை என்று உரிய அதிகாரி கருதினால் அனுமதிக்கலாம். 672ஆம் சட்டம் இதைத் துறவிகளுக்கும் பொருத்துகிறது.

பொதுநிலையினருக்கு 227ஆம் சட்டத்தைப் பாருங்கள். உலக விவகாரங்களில் மற்றக் குடிமக்களுக்குள்ள சுதந்திரம் அவர்களுக்கும் உண்டு. நற்செய்தியின் உணர்வோடு, திருச்சபையின் போதனைக்குச் செவிகொடுத்து நடக்க வேண்டும். கருத்து வேறுபாட்டுக்கு இடமுள்ள விடயத்தில் தன் கருத்தைத் திருச்சபையின் போதனை என்று சொல்லக் கூடாது. (இந்தக் கடைசி வரியைத்தான் தேர்தல் காலத்தில் எல்லாக் கட்சிக்காரரும் மறந்துவிடுகிறார்கள்.)

நம் மட்டக்களப்பிலேயே ஜோசப் பரராஜசிங்கம் தமிழரசுக் கட்சிக்காரர், பாராளுமன்ற உறுப்பினர், கத்தோலிக்கர். 2005இல் அவர் கொல்லப்பட்டதே புனித மரியாள் பேராலயத்தில், நத்தார் நள்ளிரவுத் திருப்பலியின்போது.

சரிபார்ப்பது சுலபம். வத்திக்கான் இணையத்தளத்தில் சட்டத் தொகுப்பு முழுவதும் இலவசமாக இருக்கிறது, ஆங்கிலத்திலும் உண்டு. 227, 287 இரண்டையும் சேர்த்து வாசியுங்கள். இல்லையென்றால் ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குத்தந்தையிடம் இந்த இரண்டு எண்களையும் சொல்லிக் கேளுங்கள்.