நாதஸ்வரத்துக்கு எதற்கய்யா மைக்?

கும்பகோணம் பக்கம் ஒரு சின்ன மண்டபம். நூறு பேர் உட்கார்ந்தால் நிறைந்துவிடும். எழுபதைத் தாண்டிய வித்வான் ஒருவர் நாதஸ்வரம் வாசிக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஆசையாகப் போய் முன்வரிசையில் இடம் பிடித்தேன். பார்த்தால், வாத்தியத்தின் அகன்ற அடிவாயான அணசுக்கு நேரே ஒரு மைக், தவிலுக்கு இரண்டு, இருபக்கமும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர்!

சாமி புறப்பாட்டில் நடந்துகொண்டே வாசிக்கிற வாத்தியம் அது. தெருக்கோடி வரை தானாகவே கேட்கும். 2022-ல் புவிசார் குறியீடு பெற்ற நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்தை ஆச்சா மரத்தில் கடைகிறார்கள். அந்த மரத்தின் நாதம் நேராகக் காதுக்கு வர வேண்டாமா?

பெரியவர், வாத்தியத்தின் நுனியில் செருகி ஊதுகிற சீவாளியை உதட்டில் நனைத்தார், சரியில்லை என்று கழற்றினார், வேறொன்றைப் பொருத்தி மெல்ல ஊதிப் பார்த்தார். அப்புறம் தோடி ராகம். அதன் காந்தார ஸ்வரத்தை அசைத்து அசைத்து இழைத்துக்கொண்டு வந்த இடத்தில்தான் ஸ்பீக்கர் ‘கீ’ என்று கத்தியது. அவர் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் காத்திருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. சவுண்டு செட் பையன் ஓடிவந்து என்னவோ திருகினான். சத்தம் இன்னும் கூடியதுதான் மிச்சம்.

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. ஏற்பாடு செய்தவர்களுக்குத் தெரிய வேண்டாமா? நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தோடி வாசித்த மண் இது. இந்த வயதிலும் மூச்சைப் பிடித்து வாசிக்கிறவரைப் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து கேட்கிற வாய்ப்பு இனி எப்போது கிடைக்கும்? அடுத்த கச்சேரிக்காவது அந்த ஒயரைப் பிடுங்கிவிடுங்கள்.