ஒற்றைப்பனையடிக் காணிக்கு எல்லைக்கல் தேடின கதை

(யாழ்ப்பாணத்து வசாவிளான். இராணுவம் விட்டுப்போன காணி, மார்பளவு பற்றை. கனகர் கையில் கத்தியும் காணி உறுதிப் பத்திரத்தின் போட்டோ கொப்பியும். பாக்கியம் கையில் அலவாங்கு. இருவரும் பக்கத்துப் பக்கத்துக் காணிக்காரர். தேடுவது ஒரே கல்லை; அது எங்கே கிடைக்க வேண்டும் என்பதில்தான் ஒற்றுமை இல்லை.)

பாக்கியம்: அண்ணை, பார்த்துக் காலை வையுங்கோ!

கனகர்: பயப்படாதே தங்கச்சி. கண்ணிவெடி எல்லாம் துப்பரவாக எடுத்துத்தான் விட்டவர்கள்.

பாக்கியம்: வெடியை யார் சொன்னது? என்னுடைய காணிக்குள் காலை வைக்கிறீங்கள்.

கனகர்: கல்லைக் காணாமலே உன் காணியா? உறுதியைப் படிக்கிறேன், கேள். "ஒற்றைப்பனையடி என்னும் காணி, பரப்பு 4, குழி 6. இதிலுள்ள வான்பயிர், செய்பயிர், கிணற்றில் பதினாறில் ஒரு பங்கு, வழி வாய்க்கால் பாத்தியதை உட்பட..."

பாக்கியம்: நில்லுங்கோ. அந்த ஒற்றைப் பனை எது?

கனகர்: (சுற்றிப் பார்க்கிறார். எந்தப் பக்கம் திரும்பினாலும் பனை வடலி.) இது... இல்லை, அது... ஒல்லாந்தன் காணிப் பதிவுத் தோம்பு எழுதின காலத்தில் ஒன்றுதான் நின்றிருக்கும்.

பாக்கியம்: 1990 ஆனியில் நாங்கள் ஓடினோம். விழுந்த பனம்பழத்தைப் பொறுக்க ஆளில்லை. இனி உறுதியில் பெயரை மாற்ற வேண்டும்.

கனகர்: பெயர் கிடக்கட்டும். உன்னுடைய அப்பு வேலியை வைத்துத்தான் என் கணக்கு. மனுசன் மாரிக்கு மாரி வேலிக்கு நடும் கதியால் புதுப்பிப்பார். ஆனால் பழைய குழியில் ஒரு நாளும் நடமாட்டார். அரை அடி இங்கால், கால் அடி இங்கால்...

பாக்கியம்: அவர் நட்டது கிளுவை. அது நின்ற இடத்தில் நின்றது. உங்கள் பூவரசுதான் நடந்து வந்தது.

கனகர்: எனக்கு இரண்டு குழி குறையுது, பிள்ளை. பரப்புக்கு 18 குழி. ஒரு குழி 151 சதுர அடி. இரண்டு குழி என்றால் ஒரு அறையும் குசினியும் கட்டலாம்.

பாக்கியம்: கட்டி யார் இருக்கப் போகிறது? பிள்ளைகள் இரண்டும் கனடாவில்.

கனகர்: அது வேறு கதை. பிளானில் கிணற்றுக் கட்டிலிருந்து மேற்கே ஒரு சங்கிலி என்று இருக்கு. சங்கிலி 66 அடி. நான் காலால் அளக்கிறேன். (கிணற்றடியில் சாதாரணமாகத் தொடங்கியவர், அவள் பக்கம் வர வர நெடுங்கால் போடுகிறார்.)

பாக்கியம்: வாமனரே, மூன்றாவது அடியை என் தலையில் வைக்காதீங்கோ! ஒழுங்காக அளப்போம். சேலை ஆறு யார் நீளம், 18 அடி. வீட்டுக் கொடியில் மூன்று காயுது. அது 54. இன்னும் 12 அடி வேண்டும். எட்டு முழ வேட்டி சரியாக 12 அடி.

கனகர்: நல்ல கணக்கு! வேட்டி எங்கே?

பாக்கியம்: நீங்கள் கட்டியிருக்கிறீங்களே.

கனகர்: (வேட்டியை இறுக்கிக்கொண்டு) கல்லையே தேடுவோம்.

(பற்றைக்குள் சலசலப்பு. நீளமான உடும்பு ஒன்று தலையை நீட்டி இருவரையும் பார்க்கிறது. அசையவில்லை.)

கனகர்: பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டால் காணி ஆள்பவனுக்கு என்று சட்டம் இருக்கு, தெரியுமோ?

பாக்கியம்: மெல்லச் சொல்லுங்கோ, அதற்குக் கேட்கப் போகுது.

(கனகர் பற்றையை வெட்டி முன்னேறுகிறார். முகாம் இருந்த வெளி. பழைய பூப்பாத்தியைச் சுற்றி வெள்ளையடித்த கற்கள், வரிசையாக.)

கனகர்: தங்கச்சி, ஓடி வா! கல்!

பாக்கியம்: எத்தனை?

கனகர்: பாத்தி முழுக்க! இது உன் மாமாவின் காணிக் கல். இது பள்ளிக்கூடத்து மூலைக் கல். இதில் என்னமோ எழுத்து... நம்பர் போல இருக்கு!

பாக்கியம்: ஊர் எல்லை எல்லாம் செவ்வந்திக்குக் காவல் நின்றிருக்கு. இதில் எங்கள் கல் எது?

கனகர்: எது என்று தெரிந்தும் என்ன? பிடுங்கின கல் ஒன்றும் சொல்லாது. சேர்வெயரைத்தான் கூப்பிட வேண்டும். கிணறு நகரவில்லை. பிளானை வைத்துக் கிணற்றிலிருந்து அளந்து புதுக்கல் நட்டுத் தருவார்.

பாக்கியம்: நல்லது. கூலி பாதிப் பாதி.

கனகர்: அது எப்படி? அளவு தொடங்குவது கிணற்றிலிருந்து. கிணற்றில் எனக்குப் பதினாறில் ஒன்றுதான். நான் அந்தக் கணக்கில்...

பாக்கியம்: ஓமோ? அன்றைக்குச் சேர்வெயருக்கும் உங்களுக்கும் மத்தியானச் சாப்பாடு என் வீட்டில். சேர்வெயருக்கு வயிறு நிறைய. உங்களுக்குப் பதினாறில் ஒன்று.

கனகர்: ...மீன் குழம்போ?

பாக்கியம்: பாதிப் பாதி என்றால் மீன்.