ஆறிப்போன மீன்

சிங்கப்பூர் சைனாடவுனில் உள்ள ஒரு கான்டனீஸ் (தென்சீனச் சமையல்) உணவகத்தில், சென்ற வாரம் எட்டுப் பேர் ஒரே வட்ட மேசையைச் சுற்றி அமர்ந்தோம். நடுவிலுள்ள சுழலும் கண்ணாடித் தட்டில் வைக்கும் உணவு எல்லோருக்கும் பொதுவானது, சோறு மட்டுமே தனித்தனிக் கிண்ணத்தில் வரும் என்று நான் முன்பே சொல்லியிருந்தும், மூவர் தமக்கென்று ஆளுக்கொரு தட்டு வறுத்த சோறு வரவழைத்துக்கொண்டார்கள். அதுகூடப் போகட்டும். முழு மீனை ஆவியில் வேகவைத்து, இஞ்சியும் வெங்காயத்தாளும் பரப்பி, கொதிக்கும் எண்ணெயும் சோயா சாறும் ஊற்றிக் கொண்டுவருகிறார்கள். அதைச் சூடு தணிவதற்குள் உண்ண வேண்டும், ஆறினால் கவிச்சை எழும், சதையும் இறுகிவிடும். அந்த மீனை ஆளாளுக்குப் படமெடுத்ததிலேயே ஐந்து நிமிடம் வீணானது. பிறகு ஒருவர், பொதுக் கரண்டி பக்கத்திலேயே இருக்க, தாம் வாயில் வைத்த உணவுக் குச்சிகளாலேயே மீனின் கன்னச் சதையைத் தோண்டி எடுத்தார். மூத்தவருக்கோ விருந்தினருக்கோ அன்போடு எடுத்து வைக்கும் பகுதி அது. எதிரே இருந்த முதியவர் கை நீட்டிய நேரத்தில் இன்னொருவர் தட்டைச் சுழற்றிவிட்டார். கடைசியில் அந்தப் பெரியவருக்குக் கிடைத்தது வாலும் ஆறிப்போன சாறும்தான்.