கரி போட்டே கை கறுத்துப்போச்சு

எஃகு செய்யலாம் என்று ஆசையாக ஒரு கம்ப்யூட்டர் கேமில் உட்கார்ந்தேன். கடைசியில் கிடைத்தது கரி தள்ளுகிற வேலை. அதுவும் நான் காசு கொடுத்து, நானே சம்பளமில்லாமல் பார்க்கிற வேலை.

கேமின் பெயர் வேண்டாம், ஆடுகிறவர்களுக்குப் புரியும். களிமண் தேடி அலைந்து, தீச்செங்கல் சுட்டு, அடுக்கி உலை கட்டி, நடுவில் கல்பெட்டி வைத்து, இரும்புக்கட்டியையும் கரித்தூளையும் மாற்றி மாற்றி அதற்குள் நிரப்பிக் கதவை மாட்டுகிறோம். இதுவரை ஒரு குறையும் சொல்ல மாட்டேன். செங்கல் வெந்து நிறம் மாறுவதைப் பார்ப்பதே ஒரு சுகம். பெட்டிக்கு அடியில் கரியைப் பரப்பித் தீ வைத்தோம் பாருங்கள், அப்போது பிடிக்கிறது சனி.

கரி எரிந்து தீர்ந்துவிடும், இரும்பு இன்னும் இரும்பாகவே இருக்கும். சரி, இன்னும் கொஞ்சம் போடுவோம் என்று போனால் மொத்தமாகக் கொட்ட வழியில்லை. ஒவ்வொரு குவியலாக வைக்க வேண்டும். கதவைத் திற, குனி, சரியான கட்டத்தில் மவுஸை நிறுத்து, கிளிக். ஒரு மயிரிழை தள்ளிப்போனாலும் கரி அடியில் விழாது, வாசற்படியில் போய் உட்காரும். அதைத் திரும்பப் பொறுக்குவதற்குள் அனல் அடித்துப் பாதி உயிர் போய்விடும். எவ்வளவு கரி மிச்சம் என்று காட்ட ஒரு கோடோ எண்ணோ கிடையாது. தழலின் நிறத்தைப் பார்த்து நாமே தெரிந்துகொள்ள வேண்டுமாம். அணைந்துவிட்டால் மறுபடி தீப்பந்தம், மறுபடி சூடேறக் காத்திருப்பு. பக்கத்து மலைக்குத் தாது வெட்டக்கூடப் போக முடியாது. கைக்குழந்தையை விட்டுவிட்டுக் கடைக்குப் போனவள் மாதிரி பாதி வழியிலேயே திரும்பி ஓடி வர வேண்டும்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், இதே கேமில் தானியம் அரைக்கிற கல்லுக்குக் குழாய் வைக்கலாம். மூட்டையை மேலே கொட்டிவிட்டு நாம் பாட்டுக்குப் போகலாம், அது தானாக இறங்கும். உலைக்கு மட்டும் கூடாதாம்! மைன்கிராஃப்ட் என்கிற இன்னொரு கேமில் எஃகே கிடையாது, ஆனாலும் அடுப்பைப் பற்றிய மரியாதை உண்டு. ஒரு நிலக்கரிக்கு 8 பொருள் வேகும், ஒரு வாளி எரிமலைக்குழம்பு ஊற்றினால் 100. மேலேயும் பக்கவாட்டிலும் ஹாப்பர் என்கிற புனல்பெட்டியை மாட்டிவிட்டால் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே வேண்டாம். ஃபேக்டோரியோ என்கிற தொழிற்சாலை கேமில் 5 இரும்புத் தகட்டைக் கல் உலையில் போட்டால் 16 விநாடியில் ஓர் எஃகுத் தகடு. கரி பெல்ட்டில் வரும், இயந்திரக் கை எடுத்துப் போடும். அவர்களுக்குத் தோன்றியது என் கேமைச் செய்தவர்களுக்கு மட்டும் ஏன் தோன்றவில்லை?

கேட்டால் ஒரே பதில்தான், 'நிஜத்தில் அப்படித்தான்'. எந்த நிஜத்தில் ஐயா? எங்கள் வேலூர் பக்கம் அணைக்கட்டு என்கிற ஊரில் வெல்லம் காய்ச்சுகிற கொட்டகைக்கு வந்து பாருங்கள். அடுப்பு வாயில் உட்கார்ந்து சக்கை தள்ளுவதற்கென்றே ஓர் ஆள் இருப்பார். பாகு கிண்டுகிறவர் வேறு, கரும்பு பிழிகிறவர் வேறு. இங்கிலாந்தில் ஷெஃபீல்டில் இரும்பைக் கரித்தூளோடு கல்பெட்டியில் அடைத்து ஒரு வாரம் போல வேக வைத்தார்கள், வாஸ்தவம்தான். இந்த உலையே அதைப் பார்த்துச் செய்ததுதான். ஆனால் அங்கே மரம் வெட்டி, மண் பிசைந்து, செங்கல் சுட்டு, தாது தோண்டி, சமைத்துச் சாப்பிட்டு, ராத்திரி ஓநாயையும் விரட்டிவிட்டு வந்து ஒரே ஆள் கரி போடவில்லை. நம்ம ஊரில் இன்னும் கெட்டிக்காரத்தனம். இரும்புத் துண்டோடு ஆவாரங்குச்சியைச் மூசை என்கிற சின்ன மண் கிண்ணத்துக்குள் வைத்து, மேலே எருக்கிலை மூடி, களிமண் பூசி, துருத்தி ஊதிச் சில மணி நேரத்தில் எஃகு எடுத்ததாக 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகள் இருக்கின்றன. வேண்டுமானால் அந்த நிஜத்தை வையுங்களேன். வைக்க மாட்டார்கள். நோகிற இடத்துக்கு மட்டும்தான் நிஜம். பசியெடுத்தால் நாலு ரொட்டியை ஒரே வாயில் தின்னலாம், அங்கே நிஜம் எங்கே போனது?

நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஆடுகிறோம். பகலில் இந்த வேலூர் வெயிலில் கம்ப்யூட்டரைத் தொட முடியாது, ராத்திரிதான் ஆட்டம். கடைசியில் உலைக்கு ஷிஃப்ட் போட்டோம். ராணிப்பேட்டையில் கம்பெனி வேலை முடிந்து வருகிறவன் முதல் நாளே கேட்டுவிட்டான்: "அங்கயும் பாய்லர், இங்கயும் பாய்லரா மச்சான்? நான் தூங்கப் போறேன்." ஆம்பூர்க்காரன் ஷிஃப்டில் கரண்ட் போய்விட்டது, உலையும் அணைந்தது. மீதி நான். இங்கே அம்மா பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இன்னாடா அது, எப்பப் பாத்தாலும் கரி அள்ளிக்கினே கீற? ஒரு நாளாவது அடுப்பாண்ட வந்து பால் பொங்குதான்னு பாத்திருக்கியா?" என்று ஒரு போடு போட்டுவிட்டுப் போனார். பதில் சொல்லத் திரும்ப முடியவில்லை, தழல் மங்கிக்கொண்டிருந்தது.

இத்தனைக்கும் அந்தக் கரி சும்மா வருகிறதா? மரம் வெட்டி, குழியில் அடுக்கி, மண் மூடி, மூட்டம் போட்டு, காற்றுப் புகாமல் காத்து, ஆறிய பிறகு தோண்ட வேண்டும். எங்கள் வீட்டைச் சுற்றியிருந்த காடு மொட்டையாகிவிட்டது. 1830களில் பரங்கிப்பேட்டையில் வெள்ளைக்காரர்கள் இரும்பாலை வைத்துவிட்டுக் கரிக்கு மரம் கிடைக்காமல் திண்டாடினார்களே, அந்தத் திண்டாட்டம் இப்போது நன்றாகப் புரிகிறது.

நான் உலையை எளிதாக்கச் சொல்லவில்லை. எரிய வேண்டிய நேரம் எரியட்டும், தின்ன வேண்டிய கரியைத் தின்னட்டும். மேலே ஒரு தொட்டி வையுங்கள், கரியைக் கொட்டினால் தானாகச் சரிந்து இறங்கட்டும். அந்தத் தொட்டியைச் செய்ய நூறு இரும்புக்கட்டி கேட்டாலும் கொண்டுவந்து கொட்டுகிறேன். அதுவரை அந்த உலைக்குக் கரி போடுவதாக இல்லை. நாலு பேரும் இரும்புக் கோடாரியோடுதான் திரிகிறோம்.