ஒரே வீட்டில் இரண்டு ஜெபம்

கிறிஸ்தவ சபைகள் ஒன்றாவதற்கு வழியே இல்லை என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 1919ல் தரங்கம்பாடியில் கூடி, சபைகளை இணைப்பது பற்றிப் பேசத் தொடங்கியவர்கள் 28 வருடம் விடாமல் பேசினார்கள். 1947 செப்டம்பர் 27ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் என்ற புராட்டஸ்டன்ட் சபைகளும் ஏற்கெனவே இணைந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையும் சேர்ந்து தென்னிந்தியத் திருச்சபை (சிஎஸ்ஐ) ஆயின. அதற்காகவே உழைத்த ஆங்கிலிக்கன் பேராயர் அசரியா அந்த நாளைப் பார்க்காமல் 1945லேயே இறந்துவிட்டார். லுத்தரன் சபை சேரவில்லை, அது உண்மைதான்.

எங்கள் அத்தை சிஎஸ்ஐ, மாமா ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கர். ராத்திரி ஜெபத்தில் அத்தை ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ என்பார். மாமா அதே நேரத்தில் ‘விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே’ என்பார். ஆமென் மட்டும் சேர்ந்து வரும். மாமா இறந்தபோது பூசையில் அத்தைக்கு நற்கருணை, அதாவது பூசையில் தரும் அப்பம், தரவில்லை. கைகூப்பியபடி பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். கத்தோலிக்க சபையின் சட்டம் அப்படி என்று எனக்கும் தெரியும். ஆனாலும் நாற்பது வருடம் கூட வாழ்ந்தவரை அன்றைக்காவது கூப்பிட்டிருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.